உப்பைத் திரும்ப வாங்கும் செல்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு ஞாயிறு மாலை, தமிழ் வாசகர்கள் கூடியிருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்

பெரியவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் அம்மாமார்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கின்றன. உடம்பில் ஓடும் ரத்தமே 5 லிட்டர்தான். ஆகவே அதே நீர் திரும்பத் திரும்ப வடிக்கப்படுகிறது. அந்த 180 லிட்டரில் கரைந்திருக்கும் உப்பை எடைபோட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். ஒரே நாளில் அவ்வளவு உப்பும் ரத்தத்தை விட்டு நுண்குழாய்களுக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் சிறுநீரோடு வெளியே போவது சில கிராம் மட்டும். மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வடிகட்டுவது உண்மைதான். ஆனால் அந்த வேலை இதயம் கொடுக்கும் அழுத்தத்திலேயே நடந்து முடிந்துவிடும். உழைப்பெல்லாம் அப்புறம்தான். வடிந்து இறங்கியதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இருக்கும் சுமார் பத்து லட்சம் நுண்குழாய்களின் செல்கள் விடாமல் வேலை பார்க்கின்றன. நம் எடையில் அரை சதவீதம்கூட இல்லாத இந்த உறுப்புக்கு, இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அங்கே செலவாகும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி உப்பைத் திரும்ப வாங்குவதற்குத்தான்.

அது ஏன் அவ்வளவு கடினம்? செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பு நீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிந்துவிடும். மின்னேற்றம் உள்ள எதுவும் கொழுப்புக்குள் நுழையாது. அதனால் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழியாகத்தான் அவை போக வேண்டும். அந்தப் புரதங்களில் எல்லாவற்றுக்கும் ஆதாரமானது ஒன்று உண்டு. சோடியம் பம்ப் என்று சொல்வோம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்கு ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகும். ரத்தத்தில் லிட்டருக்கு 140 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) சோடியம் இருக்கிறது, செல்லுக்குள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பொட்டாசியம் இதற்கு நேர்மாறு. இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குவதும் காப்பதும் அந்தப் பம்ப்தான்.

ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கீழே ஒரு மோட்டார் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அதற்கப்புறம் வீட்டுக் குழாய் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் தேவையில்லை, திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். மோட்டார் நின்றாலும் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும், பிறகு நின்றுவிடும். செல்லில் மோட்டார் இந்தப் பம்ப். செல்லுக்கு உள்ளே குறைவாக இருப்பதால் சோடியம் எப்போதும் உள்ளே வரத் துடிக்கிறது. அந்த வேகத்தைப் பயன்படுத்தி மற்றப் புரதங்கள் குளுக்கோஸையும் அமினோ அமிலத்தையும் குளோரைடையும் உள்ளே கொண்டுவருகின்றன.

இந்தப் பம்ப்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரைச் சேர்ந்த யென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ. மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் எடுத்துக்கொண்டது நண்டின் கால் நரம்பு. அதை அரைத்துச் சவ்வுத் துணுக்குகளைப் பிரித்து ஏடிபியைச் சேர்த்துப் பார்த்தார். சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் துணுக்குகளில் ஏடிபியை உடைக்கும் என்சைம் வேகம் பிடித்தது. 1957இல் அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வியன்னாவில் நடந்த மாநாட்டில் ராபர்ட் போஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: ஊவபாயின் உங்கள் என்சைமை நிறுத்துகிறதா? ஊவபாயின் என்பது ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய நஞ்சு. சவ்வில் உப்புப் போக்குவரத்தை அது முடக்கும் என்று அதற்கு முன்பே தெரிந்திருந்தது. சோதித்தார்கள், என்சைமும் நின்றது. தேடிய பம்ப் இதுதான் என்று உறுதியானது அங்கேதான். ஸ்கோவுக்கு நோபல் பரிசு வர 1997 ஆகிவிட்டது. நாற்பது ஆண்டு! நண்டு நரம்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எல்லா விலங்குகளுக்கும் பொதுவான ஒன்றைத் தொட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அந்த நஞ்சுக்கு நெருங்கிய உறவு நம் வீட்டு வாசலிலேயே பூத்திருக்கிறது. அரளி. அதை வாயில் வைக்காதே என்று பாட்டிமார் பிள்ளைகளை விரட்டியது இதனால்தான். அரளியின் நஞ்சு இதே பம்ப்பைக் கட்டிப்போடும், இதயத்தின் துடிப்பு குலைந்துவிடும். இதய நோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் கொடுக்கும் டிகாக்ஸினும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அளவு மட்டும்தான் நிற்கிறது.

சரி, பம்ப் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அப்படியென்றால் சிறுநீரகச் செல் மட்டும் உப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எப்படிக் கடத்துகிறது? இதற்கு விடை தவளைத் தோலில் கிடைத்தது. கோபன்ஹேகனில் ஹான்ஸ் ஊசிங் தவளைத் தோலை உரித்து, இரண்டு பக்கமும் ஒரே கரைசலை ஊற்றி, நடுவில் திரைபோல வைத்தார். இருபுறமும் ஒரே அளவு உப்பு, ஒரே அழுத்தம். இருந்தும் சோடியம் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. குளத்தில் வாழும் தவளை, நீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் தோலால் பிடித்துக்கொள்கிறது. 1958இல் கோஃபோட் ஜான்சனும் ஊசிங்கும் இதற்கு விளக்கம் எழுதினார்கள். செல்லுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றல்ல. முன்பக்கம் சோடியத்தை உள்ளே விடும். பம்ப் பின்பக்கத்தில் மட்டும் இருந்து அதை ரத்தத்தின் பக்கம் தள்ளும். சிறுநீரகச் செல்லும் அப்படியே. இவ்வளவுதான் சூத்திரம். இன்றைக்கு நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பம்ப் பின்பக்கத்தில் மாறாமல் இருக்கும், முன்பக்கத்தில் என்ன புரதம் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் செல்லின் வேலை மாறும்.

இதை நம் ஊர் மீனிலேயே பார்க்கலாம். பினாங்கைச் சுற்றிக் கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்களே சியாக்காப், தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள். ஆற்றிலும் வாழும், கடலிலும் வாழும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலில் இருக்கும்போது உப்பை வெளியே தள்ள வேண்டும், ஆற்றில் இருக்கும்போது உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு வேலையையும் செவுளில் இருக்கும் செல்கள்தான் செய்கின்றன. பம்ப் இரண்டு இடத்திலும் பின்பக்கத்தில், ரத்தத்தை ஒட்டியே இருக்கிறது. கடலில் சோடியத்தோடு சேர்த்துக் குளோரைடை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் புரதமும் பின்பக்கத்தில் வந்து சேர்கிறது. முன்பக்கத்தில் சிஎஃப்டிஆர் என்ற புரதம் அந்தக் குளோரைடை வெளியே விடுகிறது. செல்களுக்கு நடுவிலிருக்கும் இடுக்கு வழியாகச் சோடியம் பின்னாலேயே போய்விடுகிறது. திசை தலைகீழாகிவிட்டது, பம்ப் நகரவே இல்லை.

இதே சிஎஃப்டிஆர் நம் குடலிலும் உண்டு. காலரா கிருமியின் நச்சு அதை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்டும், சோடியமும் தண்ணீரும் பின்தொடரும். சில மணி நேரத்தில் லிட்டர் லிட்டராக உடம்பு வற்றிப்போகும். இதற்கு என்ன செய்வது? பக்கத்திலேயே, நச்சு தொடாத இன்னொரு புரதம் இருக்கிறது. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தால் மட்டுமே உள்ளே விடுவது அது. ஒன்றில்லாமல் மற்றது போகாது. 1960இல் பிராகாவில் ராபர்ட் கிரேன் இந்தக் கூட்டணியை விளக்கினார். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பொங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலிப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கும், மன்னியுங்கள். சவ்வில் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிய அறிவு எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது!

அதனால்தான் ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கடையில் 100 பிளஸ் பானம் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. மருந்துக் கடையில் கிடைக்கும், உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி செய்த ஓஆர்எஸ் தூளில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல், சரிசமம். அந்தப் புரதம் கேட்கும் கூட்டணிக்காகவே அப்படிக் கலந்திருக்கிறார்கள்.

இப்போது சிறுநீரகத்துக்குத் திரும்புவோம். உங்களில் பலர் பையில் வைத்திருக்கும், நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் எல்லாம் இந்தக் குழாயின் ஒவ்வொரு இடத்தில் வேலை செய்பவை. வடிந்த உப்பில் மூன்றில் இரண்டு பங்கு குழாயின் முதல் பகுதியிலேயே திரும்பிவிடும். அடுத்து ஹென்லி வளைவு. அங்கே ஏறுமுகமான பகுதி நான்கில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். லாசிக்ஸ் என்று நீங்கள் சொல்லும் ஃபுரோசிமைடு நிறுத்துவது இங்கேதான். அதனால்தான் போட்ட கொஞ்ச நேரத்தில் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் வரும் பகுதியில் தயசைடு வகை ரத்த அழுத்த மாத்திரைகள். கடைசிப் பகுதியில் திரும்ப வாங்கும் உப்பு மிகக் குறைவு, ஆனால் நாளுக்கு நாள் கணக்கைச் சரிசெய்வது அதுதான். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் அங்கே சோடியம் நுழையும் வழிகளைக் கூட்டும். ஸ்பைரோனோலாக்டோன் அதைத் தடுக்கும். தவளைத் தோலில் ஊசிங் பார்த்ததும் இந்தக் கடைசிப் பகுதியில் நடப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே.

இந்தக் கடைசிப் பகுதியில் சோடியம் உள்ளே போகும்போது பொட்டாசியம் வெளியே வருகிறது. ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தங்கிவிடும், இதயத்தை நிறுத்தும் அளவுக்குக்கூட ஏறலாம். பேரங்காடியில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் போட்டிருக்கிறார்கள். மற்றப் பலருக்கு அது நல்லது. இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நட்சத்திரப் பழத்தையும் சிறுநீரக நோயாளிகள் சாப்பிடக் கூடாது. அதற்குக் காரணம் வேறு: மூளையைத் தாக்கும் நச்சு அதில் இருக்கிறது, நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும், பழுதுபட்டது உடம்பிலேயே தங்கவிட்டுவிடும்.

உப்பு எவ்வளவு சாப்பிடுகிறோம்? மலேசியாவில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களின் சராசரி நாளுக்கு 7.9 கிராம் என்று தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். சாப்பாட்டை எடைபோடாமல் சிறுநீரைப் பார்த்தே கணக்கிட முடிகிறது, ஏனென்றால் உள்ளே போன உப்பைக் கிட்டத்தட்ட அப்படியே சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடுகிறது. நாசி கண்டார் குழம்பு, கிச்சாப், கருவாடு, ஊறுகாய் எல்லாம் அந்தப் புட்டியில் தெரிந்துவிடும்.

கடைசியாக, பேச்சு தொடங்குமுன் ஒரு அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி. அவருக்கு நீரிழிவு. புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இப்போது சிறுநீரில் சர்க்கரை நிறையப் போவதாகச் சோதனை காட்டுகிறது, மாத்திரை வேலை செய்யவில்லையா என்றார். அண்ணே, அதன் வேலையே அதுதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற இந்த மருந்துகள், குழாயின் முதல் பகுதியில் சோடியத்தோடு குளுக்கோஸைத் திரும்ப வாங்கும் புரதத்தைத் தடுக்கின்றன. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் எடுத்த ஃப்ளோரிசின் என்ற பொருளிலிருந்து வளர்ந்தவை இவை. சர்க்கரையோடு உப்பும் மேலே நிற்காமல் கீழே இறங்குகிறது. கீழே உப்பின் அளவைப் பார்க்கும் செல்கள் சில இருக்கின்றன. உப்பு அதிகம் வருவதைக் கண்டதும் அவை வடிகட்டிக்கு வரும் ரத்தக் குழாயைக் கொஞ்சம் இறுக்கும். அழுத்தம் குறைவதால் வடிகட்டி சிதையும் வேகம் குறைகிறது. சிறுநீரக நோய் முற்றுவதை இந்த வகை மருந்துகள் தாமதப்படுத்துகின்றன என்று 2019இலும் 2020இலும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது.

ஆனால் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். இந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒருவேளை உணவோடு நாள்கணக்கில் இருந்தாலோ, வாந்தி பேதியில் உடம்பு வற்றினாலோ, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறக்கூடும். சர்க்கரை அளவு அப்போது அவ்வளவாக ஏறாமலும் இருக்கலாம், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பெயரோடு சொல்லுங்கள். தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதம் தொடங்குமுன்னே கிளினிக்குக்குப் போய், அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.