துணை அதிபர் வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு கட்சி தன் துணை அதிபர் வேட்பாளரை அறிவித்ததுமே "ஆள் எப்படி?" என்ற கேள்வி கிளம்பிவிடுகிறது. அன்று மாலை மேடையில் பார்த்ததை வைத்தே பதிலும் வந்துவிடுகிறது. அந்த மேடை கட்சி போட்டது, கூட்டம் கட்சி கூட்டியது, பேச்சு கட்சிக்காரர்கள் உட்கார்ந்து தீட்டியது. அதை வைத்து ஒருவரை முடிவுகட்ட வேண்டாம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வாக்குச்சீட்டில் இருவர் பெயரும் ஒரே வரிசையில் இருக்கும். இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்று பிரித்துக் குத்த வழியில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாளைக் காலையில் அதிபர் நாற்காலி இவர் கைக்கு வந்தால் தாங்குவாரா? இது வெறும் கற்பனை இல்லை. இதுவரை 9 துணை அதிபர்கள் பாதியில் அதிபராகியிருக்கிறார்கள். 8 பேர் அதிபர் இறந்ததால், ஜெரால்ட் ஃபோர்டு மட்டும் 1974-ல் நிக்சன் விலகியதால்.

ட்ரூமனைப் பாருங்கள். 1944-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலை நன்றாக இல்லை என்பது கட்சித் தலைவர்களுக்குத் தெரியும். துணை அதிபராக இருந்த ஹென்றி வாலஸை ஒதுக்கிவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். ட்ரூமன் துணை அதிபராகப் பதவியேற்ற 82-வது நாள், 1945 ஏப்ரல் 12 அன்று, ரூஸ்வெல்ட் காலமானார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரமும் ட்ரூமனுக்குச் சொல்லப்பட்டது ஏப்ரல் 25-ல்தான். ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. இடையில் நான்கு மாதம்கூட இல்லை. தேர்ந்தெடுத்தவர்களுக்கு நோய் தெரிந்திருந்தும், வரப்போகிறவரைத் தயார் செய்யவில்லை. என் கணக்கில் இது பெரிய குற்றம்.

அடுத்தது, இந்தத் தேர்வு தேர்ந்தெடுத்தவரைப் பற்றி என்ன சொல்கிறது என்பது. அதிபர் வேட்பாளர் தனியாளாக எடுக்கும் முதல் பெரிய முடிவு இதுதான். 1972-ல் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளரானபின் கையில் மிஞ்சியது சில மணி நேரம். கேட்ட சிலர் மறுத்துவிட்டார்கள். கடைசியில் மிசௌரி செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) தாமஸ் ஈகிள்டன். "மறைக்க வேண்டியது ஏதும் உண்டா?" என்று மேலோட்டமாகக் கேட்டதோடு சரி. 1960-களில் மூன்று முறை மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்ததையும், மின்அதிர்ச்சி சிகிச்சை பெற்றதையும் அவர் சொல்லவில்லை. செய்தி கசிந்தது, ஜூலை 25-ல் அவரே பத்திரிகையாளர் முன் ஒப்புக்கொண்டார். மெக்கவர்ன் முதலில் "ஆயிரம் சதவீதம்" ஆதரிப்பதாகச் சொன்னார், பிறகு விலகச் சொன்னார். வேட்பாளராகி 18 நாளில் ஈகிள்டன் போய்விட்டார். மனநோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் இல்லை. பிசகு, விசாரிக்க நேரம் ஒதுக்காததிலும், சொன்ன சொல்லை ஒரு வாரத்தில் மாற்றிக்கொண்டதிலும் இருந்தது. நவம்பரில் மெக்கவர்னுக்குக் கிடைத்த ஒரே மாநிலம் மாசசூசெட்ஸ். அதோடு தலைநகர் வாஷிங்டன். இன்று பெரிய கட்சிகள் வரிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, பழைய வழக்குகள், குடும்பத்தார் தொழில் எல்லாவற்றையும் வாரக்கணக்கில் வக்கீல்களை வைத்துத் துருவுவதற்கு அந்த ஜூலை ஒரு முக்கியக் காரணம்.

"சொந்த மாநிலத்தை வாங்கிக்கொடுப்பார்" என்ற பேச்சை அதிகம் நம்ப வேண்டாம். 1988-ல் டெக்சஸ் செனட்டர் லாய்ட் பென்ட்சனை அதிபர் வேட்பாளர் டுகாக்கிஸ் சேர்த்துக்கொண்டார். தேர்தல் நாளில் அதே டெக்சஸ் மக்கள் பென்ட்சனை மீண்டும் செனட்டராக்கினார்கள், அதிபர் தேர்தலில் மாநிலத்தைப் புஷ்ஷுக்குக் கொடுத்தார்கள்! 2004-ல் எட்வர்ட்ஸ் இருந்தும் வட கரோலைனா கெர்ரிக்குக் கிடைக்கவில்லை. 2012-ல் பால் ரையன் இருந்தும் விஸ்கான்சின் ராம்னிக்குக் கிடைக்கவில்லை. 1960-ல் கென்னடிக்கு ஜான்சன் டெக்சஸைப் பிடித்துக்கொடுத்தார் என்பார்கள். அப்படிப்பட்டவை அபூர்வம்.

நம்மவர் என்ற பாசமும் அப்படித்தான். 2020-ல் கமலா ஹாரிஸ் அறிவிக்கப்பட்டபோது அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் கொண்டாடியது. மாநாட்டு உரையில் அவர் "சித்தி" என்று சொன்னதும் தமிழர் மனம் குளிர்ந்தது. மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் வாக்களிக்கிறவர் பார்க்க வேண்டியது சான் ஃபிரான்சிஸ்கோவில் மாவட்ட அரசு வழக்கறிஞராகவும், கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாகவும் (மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர்), செனட்டராகவும் அவர் என்ன செய்தார் என்பதை.

அதை எங்கே தேடுவது? மாநில அரசை நடத்தும் ஆளுநராக இருந்தவர் என்றால் கையெழுத்திட்ட மசோதாக்கள், தடுத்து நிறுத்தியவை, போட்ட பட்ஜெட், புயல் வெள்ளம் கலவரத்தின்போது எடுத்த முடிவுகள். செனட்டர் என்றால் வாக்களித்த விவரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இணையதளத்தில் பெயரோடு கிடைக்கும். மசோதாவின் தலைப்பை மட்டும் படித்து ஏமாற வேண்டாம். பல விஷயங்களை ஒரே மசோதாவில் திணித்திருப்பார்கள். பதிவு எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். 2024-ல் ஹாரிஸின் துணை வேட்பாளர் வால்ஸுக்குப் பிரதிநிதிகள் சபையில் 12 ஆண்டு, அதற்குமேல் ஆளுநர் பதவி. டிரம்பின் துணை வேட்பாளர் வான்ஸுக்கு செனட்டில் இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. பதிவு குறைவாக இருந்தால் கேள்விகள் கூடுதலாக வேண்டும். வான்ஸ் 2016-ல் டிரம்பைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதால் எப்போது, எதனால் மாறினார் என்பதும் அதில் அடங்கும்.

எழுதிக் கொடுக்காத பேச்சுக்குக் காத்திருங்கள். 2008 ஆகஸ்ட் 29-ல் சாரா பாலின் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து மாநாட்டு உரையால் அரங்கமே எழுந்து நின்றது. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், எந்தப் பத்திரிகைகள் படிப்பீர்கள் என்று கேட்டபோது அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம் வழக்கமாக ஒருமுறைதான். 2024 அக்டோபர் 1 விவாதத்தில், சீனாவில் 1989-ல் நடந்த தியானன்மென் போராட்டத்தின்போது ஹாங்காங்கில் இருந்ததாகத் தாம் சொன்னது பிசகு என்று வால்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நெறியாளர் விடாமல் கேட்டதால்தான் அது வெளிவந்தது. அதனால் விவாதத்தைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். மறுநாள் அதன் எழுத்து வடிவத்தை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பதில் வந்ததா, வேறு கதை வந்ததா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். ஓரிரு மணி நேர வேலை.