வரிசையை நம்பாதீர்கள்! சிங்கப்பூர் உணவங்காடியில் நல்ல கடையைப் பிடிப்பது எப்படி?

[திரையில்: சிவப்புக் குழம்பில் மூழ்கிய எலும்பு, அதற்குள் ஒரு ஸ்ட்ரா]

ஆமாம், ஸ்ட்ராதான்! ஆட்டெலும்புக்குள் ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சுகிற சாப்பாடு ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. ஆரம்பித்து வைத்தவர்கள் அங்கே போன இந்திய முஸ்லிம் சமையல்காரர்கள். ஆனால் மதுரையில் தேடினால் கிடைக்காது. அதற்கு வருகிறேன், வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

முதலில் வரலாறு, ஒரே மூச்சில். தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களை 1970களிலும் 80களிலும் அரசாங்கம் தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கட்டிய உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தது. இன்று அவை நூற்றுக்கும் மேல். 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலிலும் ஏறியாயிற்று. வரலாறு முடிந்தது!

சரி, சுற்றிலும் இருநூறு கடை. எதில் சாப்பிடுவது? "நீளமான வரிசையில் போய் நில்" என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 2016இல் சைனாடவுனில் ஒரு சோயா சாஸ் கோழிக் கடைக்கு, உணவகங்களுக்குத் தருகிற உலகப் புகழ் பெற்ற மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. ஒரு தட்டு சுமார் 2 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். உலகிலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று கூட்டம் அலைமோதியது. 2021இல் நட்சத்திரம் போய்விட்டது. அந்த வரிசையில் கோழிக்காக நின்றவர் எத்தனை பேர், செல்ஃபிக்காக நின்றவர் எத்தனை பேர்? நீங்களே சொல்லுங்கள்.

நான் முதலில் பார்ப்பது கடையின் பலகையை. நாற்பது படம் ஒட்டியிருந்தால் நகர்ந்துவிடுவேன். இரண்டு மூன்று வகைதான், கேட்டபிறகுதான் செய்கிறார்கள் என்றால் நின்றுவிடுவேன். சார் குவே தியாவ், அதாவது வாணலியில் புரட்டிய தட்டை நூடுல்ஸ் விற்கிற கடையா? வாணலியைப் பாருங்கள். ஓரிரண்டு தட்டுக்கான தட்டை நூடுல்ஸை மட்டும் போட்டு, பெருந்தீயில் புரட்ட வேண்டும். கருகியும் கருகாத அந்தப் புகைவாசனை அப்போதுதான் ஏறும். பத்துத் தட்டை மொத்தமாகக் கொட்டிக் கிளறினால் குழைந்துவிடும், வாசனையும் வராது. (பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சாப்பிடாதவர்கள் கவனம்.)

இப்போது எலும்பு!

பீச் ரோடு, கோல்டன் மைல் உணவங்காடி நிலையம். அடித்தளத்துக்கு இறங்குங்கள். நான் சொன்ன ஸ்ட்ரா சாப்பாட்டின் பெயர் சூப் தூலாங். ஆட்டெலும்பை மசாலாவில் வேகவைத்து, மிளகாயும் தக்காளியும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் புரட்டித் தருகிறார்கள். நிறம்? ஹோலிப் பண்டிகை தோற்றுவிடும். முதலில் எலும்பை ஒட்டியிருக்கும் கறியைக் கடித்து இழுக்க வேண்டும். அப்புறம் எலும்பைத் தட்டில் டொக் டொக் என்று தட்டினால் மஜ்ஜை வழுக்கிக்கொண்டு வரும். வர மறுத்தால்தான் ஸ்ட்ரா. மிச்சக் குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டு முடித்தால் விரல், வாய், மூக்கு நுனி எல்லாம் சிவப்பு. வெள்ளைச் சட்டையில் போனால் நான் பொறுப்பல்ல. பெண் பார்க்கும் படலத்தை இங்கே வையுங்கள் என்பது என் யோசனை. இதைப் பார்த்தும் பிடித்திருந்தால் தாலி கட்டிவிடலாம்!

இதே கைப்பக்குவத்தில் வந்த இன்னொன்று மீ கோரெங். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் போட்டு நம் ஆட்கள் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்துக்குப் போய், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். என்னைக் கேட்டால் அங்கே பிரியாணியை விட இதுதான் மேல். சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டுக்கு வாருங்கள்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்கள்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும், ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். அந்தக் காசுக்கு எத்தனை தட்டு எலும்பு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்துங்கள்.