வாழைமர நோட்டு

அவைத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு இத்தனை படி ஏறி வந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பதக்கங்களைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தினரே, காசு வாங்காமல் மைக் கட்டிக் கொடுத்த தம்பி, தாய்மார்களே! பெயர் சொல்லி ஒருவரை விட்டுவிட்டால் நாளைக்கு டீக்கடைப் பக்கம் நான் தலைகாட்ட முடியாது. அதனால் பெயர் சொல்லாமலே எல்லோரையும் வணங்குகிறேன்.

‘போர் அருங்காட்சியகம்: களமும் வீடும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்லப் போகிறேன். களத்துப் பொருள், வீட்டுப் பொருள், அவற்றைக் கெடாமல் காக்கும் முறை.

லண்டனில் இம்பீரியல் வார் மியூசியம் இருக்கிறது. அதை அமைப்பதென்று 1917-லேயே முடிவெடுத்தார்கள். முதல் உலகப்போர் அப்போது முடியவே இல்லை. 1920-ல் திறந்தார்கள். பீரங்கியோடு நிற்கவில்லை, போர்க்காலத்தில் பெண்கள் பார்த்த வேலைகளைப் பதிவு செய்யத் தனிக் குழுவே போட்டார்கள். சுடச்சுடச் சேர்த்தார்கள், இன்றைக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நம் சட்டியைப் பார்ப்போம். முதல் உலகப்போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன்காரனின் எம்டன் போர்க்கப்பல் சென்னைக் கரையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. மற்றபடி, ‘அவன் சரியான எம்டன்’ என்கிற பேச்சில்தான் அந்தக் கப்பல் இன்னும் மிதக்கிறது! 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே மூட்டை கட்டியது. அதில் ஒரு மூட்டையை யாராவது கண்ணாடிக்குள் வைத்தோமா?

எங்கள் வீட்டு மூட்டையைச் சொல்கிறேன். தாத்தா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். போர் முடிந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. சாவி அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். பெட்டி நிறைய மலாயாப் பணம் என்று ஊரே பேசியது. பெரியப்பா அதை நம்பி ஒரு ஜோடி மாட்டுக்கு முன்பணமே கொடுத்துவிட்டார்! தாத்தா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, பங்காளிகள் சூழ, பூட்டைத் திறந்தார்கள். உள்ளே கட்டுக்கட்டாகப் பணம். எல்லாம் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அங்கே வாழைமரப் படம் போட்டு அச்சடித்த வாழைமர நோட்டு. 1945-லேயே செல்லாக்காசு. அப்பாயி ஒரு கட்டை எடுத்துப் பெரியப்பா கையில் வைத்து, “இந்தா, மாட்டை ஓட்டிக்கிட்டு வா” என்றாள்.

சிரிக்கிறீர்கள். நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான். நோட்டுகளை வைத்து நாங்கள் கடை விளையாட்டு விளையாடினோம். ஆனால் பெட்டியின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் கிடந்தது. உள்ளே பென்சிலில் எழுதிய பெயர்கள், சில பெயர்களுக்கு எதிரே ஒரு சுழி. தாத்தா இருந்த லயத்திலிருந்து, அதாவது தோட்டத்துக் கூலி வரிசை வீடுகளிலிருந்து, சயாம் என்கிற தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன ஆட்களாம். சுழி போட்டவர்கள் திரும்பவில்லை. அப்பா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது. அதற்குள் நான்தான் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருந்தேன். பேரீச்சம்பழம் கொடுத்தான்.

அந்த ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் பொறித்து. எதிரிலேயே அந்த ரயிலுக்கென்று 2003-ல் திறந்த அருங்காட்சியகம். நம் ஆட்கள் எத்தனை பேர் செத்தார்கள்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரு கணக்குக்கும் இன்னொன்றுக்கும் பல்லாயிரம் வித்தியாசம். பட்டாளத்துக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலிக்கு அப்படியொரு பட்டியலை யார் வைத்திருந்தார்கள்? சட்டியில் இருந்தால்தானே ஐயா அகப்பையில் வரும்? இருந்த ஒரு கரண்டியையும் நான் பேரீச்சம்பழத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால்தான் மூன்று வருஷமாக மேடை கிடைக்கிற இடமெல்லாம் கேட்கிறேன். கடல் தாண்டிப் போன ஆட்களின் பொருளுக்கு இந்த மாவட்டத்தில் ஓர் அறை வேண்டும். கட்டடம் பிறகு வரட்டும், முதலில் பரணில் ஏறுங்கள். பாஸ்போர்ட், பர்மாவிலிருந்து நடந்து வந்தவர் தூக்கி வந்த செம்பு, பட்டாளத்துக் கடிதம், எதுவானாலும் சரி. வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். படம் எடுத்து, யாருடையது என்று எழுதிக்கொண்டு, பொருளை உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

இரண்டாவது செய்தியும் மூன்றாவதும் பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று: கிழிந்த காகிதத்தில் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்.

கடைசி வரிசையில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து பையைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருக்கிறீர்கள். எழுந்து போய்விடாதீர்கள் அம்மா, மைக்கைக் கொடுத்துவிட்டு நேராக உங்களிடம்தான் வருகிறேன்.