நாற்பது புஷ், ஒரு ஹீட் நம்பர்

வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் கோடிகளில் பேசிவிட்டுப் போனார்கள். தப்பில்லை, கணக்கு உண்மைதான். 2014-15இல் 46,429 கோடி ரூபாயாக இருந்த நம் நாட்டின் பாதுகாப்புத் தளவாட உற்பத்தி, 2024-25இல் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் கோவையில் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் நாலு சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) போட்டு வைத்திருக்கிற நமக்கு அதில் என்ன வரும்? நான் அதை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்கிறேன். பாதுகாப்புத் தளவாடம் செய்யும் ஒரு பெரிய கம்பெனிக்கு, பேர் வேண்டாம், நாற்பது ஸ்டீல் புஷ், அதாவது தண்டு சுழலும் இடத்தில் செருகும் குழல், செய்து கொடுத்தோம். அளவெல்லாம் மைக்ரான் சுத்தம். நாற்பதும் திரும்பி வந்தது. காரணம் ஹீட் நம்பர். (பின்னால் இருக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்காக: உலையில் ஒரு தடவை உருக்கிய இரும்புக்குக் கொடுக்கும் எண் அது.) எங்கள் பையன் இரண்டு வேறு ஹீட் ராடுகளை வெட்டி ஒரே டிரேயில் போட்டுவிட்டான், எந்தப் பீஸ் எந்த ராடு என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. பம்புக்குச் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். கோபம் வந்தது, அப்புறம் ராத்திரி படுத்து யோசித்தால், நாளைக்கு ஒரு புஷ் உடைந்தால் அதே ராடில் வந்த மற்றவை எந்த வண்டியில் இருக்கிறது என்று அவர்கள் தேட வேண்டுமே, அவர்கள் கேட்டது நியாயம்தான் என்று பட்டது. மறுநாளே ராடு முனைக்கு ஹீட்டுக்கு ஒரு கலர் பெயின்ட், பீஸுக்கு ஒரு பஞ்ச் நம்பர், கூடவே ஒரு நோட்டு. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. அடுத்த ஆர்டர் வந்தது அந்த நோட்டால்தான்.

இரண்டாவது, எண்ணிக்கை. 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட சப்ளையர்களுக்கு வேலை வரும் என்றும் அப்போது சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் கணக்குப் போடுங்கள்: ஒரு டாங்கிக்கு இரண்டு வீதம் போகும் பாகம் என்றால் மொத்தமே 236 பீஸ், அதுவும் வருஷக்கணக்கில் பிரித்துப் பிரித்து. கார் பாகம் ஓட்டுகிறவர் அதை ஒரு ஷிப்டில் தள்ளிவிடுவார். இதை நம்பி லோனில் ஃபைவ் ஆக்சிஸ் மெஷின், அதாவது ஐந்து அச்சில் திரும்பி வெட்டும் விலை கூடிய மெஷின், இறக்கினால் வட்டிதான் மிஞ்சும். அதே சமயம், பத்துப் பீஸுக்காக செட்டிங் மாற்றுவது பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது, நமக்கோ தினசரிப் பிழைப்பே அதுதான். அதனால் மெஷின் ஓடும் மணிக்கு இவ்வளவு என்ற ரேட்டை மட்டும் போட்டுக் கொட்டேஷன் கொடுக்காதீர்கள், செட்டிங், கேஜ் (அளவு பார்க்கும் கருவி), டெஸ்டிங் எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும்.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் காரிடார் பற்றிக் கேட்கிறீர்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து ஊரைச் சேர்த்து 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கினார்கள். ஊர் பட்டியலில் இருப்பதாலேயே யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் இணையதளத்தில், வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும் பாகங்களைப் பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் பாருங்கள், நம் கைக்கு அடங்குகிற ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

கடைசியாகப் பணம். 2006ஆம் வருஷ சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. ஆனால் நாள் எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து. இன்ஸ்பெக்ஷன் முடியவில்லை என்று சொல்லியே இழுப்பார்கள். சரக்கு போய்ப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், இறக்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். இது பலருக்குத் தெரியாது. அதனால் டெலிவரி சலானில் தேதியோடு ஸ்டோர்ஸ் சீல் வாங்குங்கள், கேட்டில் வைக்கும் செக்யூரிட்டி சீலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

சரி, அந்த நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். வேண்டுபவர்கள் டீ நேரத்தில் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.