நான்கு பேருக்கு டெல்லி பயணம்: குறைந்த கட்டணத்தை எப்படிக் கண்டறிவது?

வணக்கம். சென்னையைச் சேர்ந்த நேயர் ஒருவர், குடும்பத்துடன் நான்கு பேராக டெல்லி சென்று வரத் திட்டமிட்டிருப்பதாகவும், ஒரே விமானத்துக்குத் தளத்துக்குத் தளம் விலை மாறுவதாகவும், தாம் திரும்பத் திரும்பத் தேடுவதால்தான் விலை ஏறுகிறதோ என்று ஐயப்படுவதாகவும் எழுதியிருக்கிறார். ரயிலையும் ஹோட்டலையும் எங்கே பதிவு செய்தால் செலவு குறையும் என்றும் கேட்டிருக்கிறார்.

விமானக் கட்டணம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதற்கு முதன்மையான காரணம், இருக்கைகள் விற்கப்படும் முறையே ஆகும். ஒரே வகுப்பிலுள்ள இருக்கைகளையும் விமான நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கீழ்ப்படியில் உள்ளவை தீர்ந்ததும் அடுத்த படியின் விலை தோன்றுகிறது. உங்களைப் போல நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது, கீழ்ப்படியில் இரண்டு இருக்கைகள் மட்டுமே எஞ்சியிருந்தால், பெரும்பாலும் நால்வருக்கும் மேல்படியின் விலையே காட்டப்படும். ஆகவே முதலில் ஒருவருக்கும், பிறகு இருவருக்கும், அதன் பிறகு நால்வருக்கும் தேடி, ஒருவருக்கான விலை எங்கே உயர்கிறது என்று பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பதிவு செய்யலாம். ஆனால் அவை இரண்டு தனித்தனிப் பதிவுகள் என்பதால், விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாட்டையும் தனித்தனியாகவே கேட்க வேண்டியிருக்கும். குழந்தைகள் இருந்தால் ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருப்பது அவசியம்.

தளத்துக்குத் தளம் விலை மாறுவது வேறு செய்தி. முதல் திரையில் தெரியும் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. சேவைக் கட்டணம், தாமாகவே சேர்க்கப்பட்டிருக்கும் காப்பீடு, இருக்கைத் தேர்வு ஆகியவை எல்லாம் கடைசித் திரையில்தான் வந்து சேர்கின்றன. பணம் செலுத்தும் பொத்தானுக்கு முந்தைய திரை வரை சென்று, அங்கே காணும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். விமானக் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டும் கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தளங்களின் நாட்காட்டியில் எந்த நாள் மலிவு என்று பார்த்துக்கொண்டு, பதிவை விமான நிறுவனத்தின் தளத்திலேயே செய்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் அதுவே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், இடையில் நின்று டிக்கெட் விற்ற தளமும் தன் பங்குக்கு ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: பணம் திரும்பக் கிடைக்காது என்று சொல்லி விற்கப்பட்ட உள்நாட்டு டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

ரயிலைப் பொறுத்தவரை அடிப்படைக் கட்டணம் எல்லாத் தளங்களிலும் ஒன்றுதான். ஐஆர்சிடிசி தளத்தில் யுபிஐ வழியாகச் செலுத்தினால் வசதிக் கட்டணம் ஏசி அல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசி வகுப்புக்கு 20 ரூபாய், அவற்றுடன் ஜிஎஸ்டி. தனியார் செயலிகள் இதற்கு மேல் தங்கள் கட்டணத்தையும் சேர்க்கின்றன. எந்த ரயில் என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. ராஜ்தானி, துரந்தோ ரயில்களில் படுக்கைகள் நிரம்ப நிரம்பக் கட்டணம் உயரும் முறை 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றில் அப்படி இல்லை. முன்பதிவு, 2024 நவம்பர் முதல், பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாட்களுக்கு முன்பு காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. அந்தத் தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே இணையவழியில் இடம் தரப்படுவதால், சரிபார்ப்பை இப்போதே முடித்து வையுங்கள்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லியை அடைகிறது. இரண்டு இரவுகள் ரயிலிலேயே கழிவதால் அந்த நாட்களுக்கு அறை வாடகை இல்லை. ஆனால் பெரும்பாலான ஹோட்டல்கள் நண்பகலுக்குப் பிறகே அறையைத் தருகின்றன. அதிகாலையில் போய் நின்றால் அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள். டெல்லியின் பஹாட்கஞ்ச், கரோல் பாக் பகுதிகளில் அறை பார்ப்பதானால், தளத்தில் விலையைக் குறித்துக்கொண்டு, ஹோட்டலுக்கே தொலைபேசியில் அழைத்து, காலையில் அறை கிடைக்குமா, நேரடியாகப் பதிவு செய்தால் என்ன வாடகை, நால்வருக்கு ஓர் அறை போதுமா என்று கேளுங்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சொல்லப்படும் வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் தேர்வு செய்யாத காப்பீடோ நன்கொடையோ எந்தத் தளத்திலாவது தானாகச் சேர்ந்திருந்தால், அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளுக்கு எதிரானது. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தயங்காமல் புகார் அளிக்கலாம்.