லத்தீன் கட்டியது பாலமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கிறிஸ்தவ மரபில் லத்தீன் கட்டியது பாலமா, வேலியா என்பது தலைப்பு. பாலம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைத்தார், ஜனங்கள் புரியாமல் ஜெபமாலை உருட்டினார்கள் என்றார். மறுக்கவில்லை, பல நூற்றாண்டு அப்படி நடந்தது. ஆனால் அந்த மொழி பீடத்துக்கு எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லையே! ரோமில் முதல் கிறிஸ்தவர்கள் ஜெபித்தது கிரேக்கத்தில். பவுல் ரோமையருக்கு எழுதிய திருமுகமே கிரேக்கம்தான். போகப் போகக் கிரேக்கம் பேசுவோர் குறைந்தார்கள். சந்தையிலும் தெருவிலும் லத்தீன்தான் கேட்டது. அதனால் நான்காம் நூற்றாண்டில் வழிபாடும் லத்தீனுக்கு மாறியது. திருத்தந்தை தமாசுஸ் கேட்டுக்கொண்டபடி மறைநூல் அறிஞர் ஜெரோம் 382 வாக்கில் லத்தீன் விவிலியத்தைத் திருத்தத் தொடங்கினார். ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று வந்த மொழியய்யா அது!

அடுத்தவர் 'ஃபிலியோக்குவே' என்று மேசையைத் தட்டினார். தூய ஆவி 'மகனிடமிருந்தும்' வருகிறார் என்று விசுவாசப் பிரமாணத்தில், அதாவது வழிபாட்டில் சொல்லும் விசுவாச அறிக்கையில், மேற்கில் சேர்த்த சொல் அது. அதுவே கிழக்குத் திருச்சபையைப் பிரித்தது என்றார். சரி. திருத்தந்தை மூன்றாம் லியோ அந்தக் கருத்தை ஏற்றவர். ஆனாலும் சொல்லைச் சேர்க்க மறுத்து, அது இல்லாத பிரமாணத்தைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெள்ளித் தகட்டில் பொறித்து புனித பேதுரு ஆலயத்தில் வைத்தார். பிறகு 1014-இல் பேரரசர் இரண்டாம் ஹென்றி கேட்டுக்கொண்டதால்தான் ரோமில் பூசையில் அந்தச் சொல் சேர்ந்த பிரமாணம் பாடப்பட்டது. அரசியல் செய்த வேலைக்கு மொழி மேல் பழி போடலாமா?

இப்போது பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு. ஜெர்மனியின் ஆல்பர்ட், இத்தாலியின் தாமஸ் அக்குவினாஸ், பிற்பாடு ஸ்காட்லாந்தின் டன்ஸ் ஸ்கோட்டஸ், இந்த இறையியல் அறிஞர்கள் எல்லாரும் அங்கே லத்தீனில் வாதம் செய்து மோதினார்கள். அக்குவினாஸ் எழுதிய 'சும்மா தெயோலோஜியே' என்ற இறையியல் தொகுப்பு நூலைத் திறந்து பாருங்கள். கடவுள் இருக்கிறாரா என்பது கேள்வி. துறவியான அவர் முதலில் எழுதுவது, 'விதேத்துர் குவோத் தேயுஸ் நோன் சித்', அதாவது கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது! எல்லையற்ற நன்மை இருந்தால் தீமைக்கு ஏது இடம்? இயற்கையும் மனித அறிவும் எல்லாவற்றையும் விளக்கும்போது கடவுள் எதற்கு? எதிராளியின் வாதத்தை இவ்வளவு வலுவாக வைத்த பிறகுதான் 'செத் கோந்த்ரா', அதற்கு மாறாக என்று திரும்புகிறார். அதற்கப்புறம்தான் 'ரெஸ்பொந்தேயோ', தன் பதில். எதிரணிக்கு இப்படி ஒரு மரியாதையை எத்தனை மேடையில் பார்த்திருக்கிறோம்?

அந்த மரியாதை மதத்தையும் தாண்டியது. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் அரபு நூல்கள் லத்தீனுக்கு வந்தன. அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய கோர்தோபா நகரத்து முஸ்லிம் அறிஞர் இப்னு ருஷ்துவை, அக்குவினாஸ் பேர் சொல்லாமல் 'கொம்மெந்தாத்தோர்', உரையாசிரியர் என்றே பல இடங்களில் குறிப்பிடுகிறார். மாறுபட்ட இடத்திலும் அந்தப் பட்டத்தைப் பறிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீனைத் தள்ளிவிட்டதே என்பார்கள். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான வழிபாட்டு ஆவணம் தாய்மொழிகளுக்கு இடம் திறந்தது. கூடவே லத்தீனைக் காக்கவும் சொன்னது. ஆதரவு 2147, எதிர்ப்பு 4. ஆப்பிரிக்க ஆயரும் ஜப்பான் ஆயரும் இந்திய ஆயரும் கூடியிருந்த அந்தச் சங்கத்தின் அவைமொழி எது? லத்தீன்! தாய்மொழி வேண்டும் என்ற வாதத்தையும் சுமந்து வந்தது அந்த மொழிதான்.

பாலம் என்றே தீர்ப்பளிக்க வேண்டுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி.