விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்

(கோவையில் நடைப்பயிற்சி செய்வோர் கூட்டம் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் இரண்டு விதமானவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். தினமும் காலையில் ரேஸ் கோர்ஸைச் சுற்றி வருகிறவர்கள் ஒரு பக்கம். அவர்கள் கையைப் பிடித்து இழுத்து வந்த கணவர், மனைவி, மச்சினர் எல்லாம் இன்னொரு பக்கம். நான் பேசப்போவது இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான். முதல் கூட்டம் எழுந்து காபி குடிக்கப் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

அதிலும், ஒரு காலத்தில் நடந்து, ஓடி, விளையாடிவிட்டு நடுவில் விட்டுப்போனவர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கல்யாணம், பிரசவம், வேலை மாற்றம், ஆபரேஷன், வீட்டில் பெரியவர் படுத்த படுக்கையானது, கொரோனா என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும். என்னிடம் வருகிறவர்களில் அதிகம் தடுமாறுவது நீங்கள்தான். வாழ்நாளில் உடற்பயிற்சியே செய்யாத ஒருவரை ஐந்து நிமிடம் நடக்கச் சொன்னால், நடந்துவிட்டு வந்து பெருமையாகச் சொல்வார். ஏற்கெனவே செய்து நடுவில் நிறுத்தியவரோ, "என்ன மேடம், அஞ்சு நிமிஷமா? நான் காலேஜ் டீமில் கபடி ஆடினவன்" என்பார். அந்தக் கபடிதான் பிரச்சினை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதில் ஒருவருக்கு டாக்டர் சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டி எச்சரிக்கிறார். அவர் அன்றைக்கே ஷூ வாங்குகிறார், ஜிம்மில் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டுகிறார். முதல் நாளே பழைய கணக்குப்படி ஐம்பது தண்டால், நூறு பஸ்கி. செய்துவிடவும் முடியும், அதுதான் வேடிக்கை. வீம்பு இருந்தால் முதல் நாள் எதையும் செய்துவிடலாம். இரண்டாம் நாள் தலை சீவக் கை தூக்க முடியாது. மூன்றாம் நாள் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாது. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசைவலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். இது இயல்பான வலி, தானாகவே போய்விடும். ஆனால் அவர் அப்படி நினைப்பதில்லை. "வயசாயிடுச்சு, இனி நம்மால் ஆகாது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஷூ மட்டும் வாசலில் கிடக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. திரும்பத் தொடங்கினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்கள் அப்படியில்லை. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே அது, முழங்காலுக்குக் கீழே இருப்பது, இவையெல்லாம் பலமாக மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மூன்றாவது வாரத்தில் "நல்லாத்தானே இருக்கு" என்று ஓட ஆரம்பிப்பவர்கள்தான் ஐந்தாவது வாரத்தில் குதிகால் வலியோடு என்னிடம் வருகிறார்கள். மூச்சு அனுமதி கொடுத்துவிட்டது, கால் இன்னும் கொடுக்கவில்லை.

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன்.

1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். உச்சபட்ச உழைப்பின்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளக்கும் முறை ஒன்று உண்டு. தெம்பை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்றே சொல்லலாம். மூன்று வாரப் படுக்கையில் அந்த அளவு கால் பங்குக்கும் மேலே சரிந்துவிட்டது. பிறகு பயிற்சி கொடுத்தார்கள், ஏறியது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். முப்பது வருடம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு, ஐம்பது வயதில் இருந்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோ ஆகியிருந்தது. உடம்பின் கொழுப்பு 14 சதவீதத்திலிருந்து 28 ஆகியிருந்தது. நம் கல்யாண ஆல்பத்தையும் கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவதுதான். ஆனால் தெம்பை அளந்தபோது ஆராய்ச்சியாளர்களே வியந்தார்கள். முப்பது வருடம் வயதானதில் குறைந்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்துக்கிடந்ததில்தான் அதிகம் குறைந்திருந்தது.

அவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். நடை, மெல்லோட்டம், சைக்கிள். கடுமையாக எதுவும் இல்லை, படிப்படியாகக் கூட்டினார்கள். ஆறு மாதத்தின் முடிவில், 1966-ல் படுக்கைக்குப் போவதற்கு முன்பு இருந்த அளவுக்கு அவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். எடை பெரிதாகக் குறையவில்லை, தொப்பை அங்கேயேதான் இருந்தது, ஆனால் முப்பது வருட இழப்பு திரும்பி வந்தது. ஐந்தே பேர்தான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது, சரி. ஆனால் ஒரே ஆட்களை இவ்வளவு காலம் கழித்து அளந்த ஆராய்ச்சிகள் ரொம்பக் குறைவு. "எடை குறையலையே மேடம்" என்று ஒரே மாதத்தில் நிறுத்துகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். தராசு காட்டாத லாபம் நிறைய இருக்கிறது.

தசையிலும் இப்படி ஒன்று உண்டு. நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தினர் 2010-ல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். தசைக்கு அதிக வேலை கொடுத்தால் தசை இழைக்குள் புதிய உட்கருக்கள், அதாவது செல்லை இயக்கும் மையங்கள், சேர்கின்றன. வேலையை நிறுத்தினால் தசை சுருங்குகிறது. ஆனால் சேர்ந்த உட்கருக்கள் அப்படியே நிற்கின்றன. வீட்டைக் காலி செய்து பூட்டிவிட்டுப் போனாலும் குழாயும் கரண்ட் இணைப்பும் உள்ளே இருக்கிற மாதிரி. மனிதர்களிடமும் இதே அளவுக்கு நடக்கிறதா என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை உடம்பைப் பழக்கியவர்கள் இரண்டாவது முறை சீக்கிரம் தேறுவதை என் கிளினிக்கில் கண்ணால் பார்க்கிறேன்.

ஆக, உடம்பு உங்களைக் கைவிடவில்லை. தடுப்பது நினைவுதான். "அப்போ ரெண்டு மாடி ஒரே மூச்சில் ஏறுவேனே" என்ற நினைவு. முதல் நாள் நடக்கும்போது அந்த இருபத்தைந்து வயது ஆள் கூடவே வந்து கேலி செய்கிறான். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் பலர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. வெளியில் சொல்லும்போது அதற்குப் பெயர் "மூடு இல்லை". அந்த ஆளோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, போட்டியே வேண்டாம்.

"மனசு வரட்டும், தொடங்கறேன்" என்கிறவர்களுக்கு ஒன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2011-ல் வெளியான ஆய்வு. உடற்பயிற்சிக்கு முன்னால் "இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டார்கள், முடித்த பிறகு "எவ்வளவு பிடித்தது?" என்று கேட்டார்கள். முன்னால் சொன்னதைவிடப் பின்னால் சொன்னது அதிகம். காரணம், யோசிக்கும்போது நாம் தொடக்கத்தை மட்டும்தான் யோசிக்கிறோம். போர்வையை விலக்குவது, ஷூ லேஸ் கட்டுவது, முதல் ஐந்து நிமிட மூச்சிரைப்பு. அந்த ஐந்து நிமிடத்தை வைத்து அரை மணி நேரத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மனசு வருவது ஆறாவது நிமிடத்தில். அது வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று காத்திருந்தால் வராது.

அதனால்தான் முதல் இரண்டு வாரம் நான் ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. நீங்கள் வெட்கப்படும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவ்வளவு குறைவாகச் செய்து என்ன பயன் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் முன்பு, ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கு இருக்கிறது, ஆனால் அதைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம்.

பத்தாயிரம் காலடி என்பதையும் மறந்துவிடுங்கள். அது 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி விற்ற கம்பெனி வைத்த பெயரிலிருந்து வந்தது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான பெண்களைப் பார்த்தார்கள், சராசரி வயது 72. தினம் 2,700 காலடி வைத்தவர்களைவிட 4,400 வைத்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதலாகப் பெரிய லாபம் தெரியவில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால்? இதில்தான் நம்மவர்கள் ரொம்பக் கறார். விரதம் கலைந்த மாதிரி, "போச்சு, அடுத்த ஒண்ணாம் தேதி பார்ப்போம்" என்று விட்டுவிடுவார்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்துபோகாதீர்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்று, நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை.

இங்கே பெண்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கணவரை அழைத்து வந்த பெண்கள் மன்னிக்கவும், இது உங்கள் வீட்டு ஆண்களுக்கு. "அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை மேடம்" என்று சொல்கிறீர்கள். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை சமையல், மூன்று டிபன் பாக்ஸ், பிள்ளைக்குத் தலை பின்னுவது, மாமியாருக்கு மாத்திரை. நீங்கள் நடந்துவிட்டு வரும்போது காபி சூடாக இருக்கிறதே, அது அவர் நடக்க வேண்டிய நேரத்தில் போட்டது. அவருக்கு ஊக்கம் தரும் பேச்சு தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள் அந்த டிபன் பாக்ஸை நீங்கள் கட்டினால் போதும். ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இருட்டில் தெருவில் நடக்கப் பயம், நாய்த் தொல்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. எட்டு போட்டு நடக்கிறார்களே, அதுவும் நல்லதுதான். எட்டு நடந்தால் சளி கரையும், கண்பார்வை கூடும் என்றெல்லாம் சொல்வதை நான் ஏற்கவில்லை. சின்ன இடத்தில் நடக்க ஒரு வழி, அவ்வளவுதான். அதுவே போதுமான காரணம். வெளியே போக முடிந்தவர்களுக்கு, 2023-ல் அரசு தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் பாதை குறித்திருக்கிறார்கள். எட்டையும் முதல் நாளே நடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட மேடையில் ஃபௌஜா சிங் பெயர் வராமல் இருக்காது. எண்பது வயதைத் தாண்டி, மகனைப் பறிகொடுத்த துயரத்தில் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டவர். 2000-ல் லண்டன் மாரத்தான், 2011-ல் நூறு வயது என்ற கணக்கில் டொரன்டோ மாரத்தான். 2025 ஜூலையில், பஞ்சாபில் தன் ஊர் அருகே கார் மோதி இறந்தார். அவரைக் காட்டி உங்களைக் கிளப்பிவிட எனக்கு விருப்பமில்லை. அப்படிப்பட்ட வீடியோவைப் பார்த்துத்தான் பலர் முதல் நாளே ஓடுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. இளமையில் ஓடி, நாட்டுப் பிரிவினைக் காலத்தில் விட்டவர். பல பத்தாண்டுகள் இடைவெளி விழுந்த பிறகு வந்தார். நீங்கள் விட்டு எத்தனை வருடம் ஆகிறது?

எச்சரிக்கை சுருக்கமாக. சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் உட்கார்ந்து 108-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கலாம், அவர்கள் கணக்கு தனி.

முன் வரிசையில் ஐயா ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார். "ஐந்து நிமிடத்திலிருந்து எப்போது கூட்டுவது?" நல்ல கேள்வி. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். மறுநாள் காலை கட்டிலிலிருந்து கால் கீழே வைக்கும்போது வலி இல்லை என்றால் அடுத்த வாரம் இரண்டு, மூன்று நிமிடம் கூட்டுங்கள். வலி இருந்தால் அதே அளவில் இன்னொரு வாரம் நில்லுங்கள். நிறுத்த வேண்டாம், குறைக்கலாம். மூட்டு வீங்கினாலோ, படி இறங்கும்போது முழங்கால் பூட்டிக்கொண்டாலோ அதை நான் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெளியே புத்தகக் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், ஒரு மணி வரை அங்கே உட்கார்ந்திருப்பேன். வரும்போது நீங்கள் நடக்கப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே வாருங்கள், அதன் அடி தேய்ந்திருப்பதையும் பார்க்க வேண்டும்.